மஞ்சள் தொட்டிக் குப்பை எங்கே போகிறது?

"எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகுது. பிரிச்சுப் போட்டு என்ன பிரயோஜனம்?" சிட்னி துங்காபியிலும் இதே பேச்சு, மெல்பன் டான்டினாங்கிலும் இதே பேச்சு. படித்தவர்களே இப்படிச் சொல்லிவிட்டு, பால் கேனையும் மீன் குழம்பையும் ஒரே பையில் கட்டிச் சிவப்பு மூடித் தொட்டியில் போடுகிறார்கள். இது பொய். சோம்பலுக்கு வசதியான பொய்.

பொய்க்கு ஒரு வேர் உண்டு. 2019இல் விக்டோரியாவில் எஸ்.கே.எம். மறுசுழற்சி நிறுவனம் நொடித்துப் போனதும், பல கவுன்சில்களின் மறுசுழற்சிப் பொருட்கள் சில காலம் குழிக்குப் போயின. 2022 நவம்பரில் நின்ற ரெட்சைக்கிள் திட்டமோ சூப்பர்மார்க்கெட்டில் சேகரித்த மெல்லிய பிளாஸ்டிக்குக்கானது. மறுசுழற்சிக்கான உங்கள் வீட்டு மஞ்சள் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் குழப்பி இன்றுவரை கதை பேசுகிறோம்.

கணக்குப் பாருங்கள். சிட்னியில் குழியில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் மாநில அரசு 150 டாலருக்கு மேல் வரி வாங்குகிறது. விற்கக்கூடிய அலுமினியத்தை எந்த கவுன்சில் காசு கொடுத்துப் புதைக்கும்? பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாகச் செய்வதைவிட சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். மஞ்சள் தொட்டிச் சரக்கில் ஒரு பகுதி குழிக்குப் போவது உண்மைதான். அதற்குக் காரணம் உள்ளே டயப்பரும், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையும் போடும் நாம்.

இதே நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்ததுதான் லார்ட் ஹவ் தீவு. சுமார் 400 பேர் வாழும் உலகப் பாரம்பரியத் தலம். புதைக்க அங்கே இடமில்லை; மிஞ்சும் குப்பை கப்பலேறிப் பெருநிலப்பரப்புக்கு வரவேண்டும். அதனால் உணவுக் கழிவை, கழிவுநீர்ச் சேற்றோடு சேர்த்து, அங்கேயே உரமாக்குகிறார்கள். தீவுக்காரர்களால் முடிகிறது, முற்றமும் மூன்று தொட்டியும் உள்ள நமக்கு என்ன கேடு?

புட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை, காலி செய்தால் போதும். 'பயோடிகிரேடபிள்' என்று அச்சிட்ட பையெல்லாம் உரமாகிவிடாது. உணவுக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி தரும் சிட்னி கவுன்சில்களில் மீன் தலை, எலும்பு, மிஞ்சிய சோறு எல்லாமே அதில் போகலாம்.

மண்வளம் என் துறை என்பதால் ஒன்றை விடாமல் கேட்பேன். நம் கோயில் அன்னதானங்களில் வாழையிலையும் பூவும் சோறும் ஏன் இன்னும் கறுப்புப் பைக்குள் போகின்றன? குழிக்குள் காற்றில்லாமல் அழுகி அவை மீத்தேனாகின்றன. நியூ சவுத் வேல்ஸில் பெரிய உணவு வணிகங்கள் 2026 ஜூலையிலிருந்து உணவுக் கழிவைத் தனியே பிரித்தாக வேண்டும். சட்டம் நம் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காமல், அடுத்த திருவிழாவுக்கு முன்பே நிர்வாகக் குழுவிடம் பச்சைத் தொட்டி கேளுங்கள்.