குழாய் ஸ்பீக்கரும் பொதுத்தேர்வும்



தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு மாதமான மார்ச், மாசி, பங்குனித் திருவிழாக்களின் மாதமும்கூட. பூச்சொரிதல், கொடியேற்றம், தீமிதி, தேர் என்று ஊர் களைகட்டியிருக்கும் அதே நாட்களில்தான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இரவு 11 மணிக்கு வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, மின்கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். தேர்தல் வருடமாக இருந்தால் பிரசார வண்டியும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சாமி காரியம், கட்சிக்காரர்கள், பங்காளி வீட்டுக் காதுகுத்து என்று சொல்லாமல் இருப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அன்றாடத் தொல்லைகளில் இத்தனை பேர் அனுபவித்து இத்தனை பேர் பொறுத்துப்போகிற இன்னொன்றைக் காண்பது கடினம்.

குழாய் என்று ஊரில் சொல்லப்படும் கூம்பு வடிவ ஒலிபெருக்கி, குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி தருவதற்கென்றே உருவானது. பெட்டி ஸ்பீக்கரைவிட அது பல மடங்கு திறனோடு மின்சாரத்தை ஒலியாக்குகிறது. அந்த ஒலியைக் குறுகிய கோணத்தில் நெடுந்தூரம் தள்ளுகிறது. ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 105 டெசிபல் தரும் குழாய்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. 20 வாட் கொடுத்தால் அது 118 டெசிபல் ஆகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் கணக்கு. அந்தக் கணக்கின்படி 100 மீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டில் இன்னும் 78 டெசிபல் மிச்சமிருக்கும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் இரவு வரம்பு 45 டெசிபல்.

78-க்கும் 45-க்கும் இடையே 33தானே வித்தியாசம் என்று தோன்றலாம். டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவது அல்ல, மடங்குக் கணக்கில் ஏறுவது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. 33 டெசிபல் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு ஆற்றல். காது அத்தனை மடங்காக அதை உணராது. 10 டெசிபல் கூடினால் சத்தம் சுமார் இரண்டு மடங்கானதாகவே காதுக்குத் தோன்றும். இதனால்தான் மைக் செட்காரர் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன் என்று மனதாரச் சொல்ல முடிகிறது. காதுக்குக் கொஞ்சமாகத் தெரிவது உள்காதுக்குக் கொஞ்சம் அல்ல. உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுகின்றன. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். டி.ஜே. வண்டிக்கு முன்னால் ஆடும் இளைஞர்கள் மணிக்கணக்கில் நிற்பது அந்த அளவிலோ அதற்கும் மேலோதான்.

படிப்புக்கு இரைச்சல் செய்யும் கேடு அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் கடக்கும்; ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர், பாதையை நோக்கிய வகுப்பறைப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் மறுபக்கத்து அமைதியான அறைப் பிள்ளைகளின் திறனையும் ஒப்பிட்டு 1975-இல் ஆய்வு வெளியிட்டார். மேல் வகுப்புகளில் இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் வைத்த பிறகு, 1981-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. பள்ளியும் பாடமும் முன்பு போலத்தான். குறைந்தது சத்தம் மட்டும். பின்தங்கும் மாணவரைப் பார்த்துக் கவனம் போதவில்லை என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது.

ஒலிபெருக்கியைப் பழிப்பது மட்டும் நியாயமாகாது. வீட்டுக்கு வீடு வானொலி இல்லாத காலத்தில் கல்யாண வீட்டு ரேடியோ செட்தான் ஊர் முழுவதற்கும் பாட்டுக் கொடுத்தது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த கூலித் தொழிலாளிக்கும் அரசியல் பேச்சு எட்டியதற்கு மைக்கே காரணம். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மேடைப்பேச்சை அது இல்லாமல் எண்ணிப் பார்க்க முடியாது. அன்று அது கேட்க விரும்பி வந்தவருக்குக் கேட்க வைத்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் பாட்டு இருக்கிறது. திருப்பாவையும் தலைவர் உரையும் தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. கேட்க வராதவரைக் கேட்க வைப்பதுதான் குழாய்க்கு மிஞ்சியிருக்கும் வேலை. பந்தலுக்குள் இருக்கும் ஐம்பது பேருக்கு இரண்டு பெட்டிகள் போதும் என்னும்போது அடுத்த தெருவரை பத்துக் குழாய்கள் கட்டப்படுவது பக்திக்காகவோ கொள்கைக்காகவோ அல்ல. விழா நடத்துபவரின் செல்வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஊருக்கு அறிவிப்பதற்காக.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகளைக் கொண்டுவந்தது. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை; மீதி எட்டு மணி நேரம் இரவு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதி மண்டலத்துக்கு 50, 40. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி பெற்றிருந்தாலும் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. பகலிலும் விழா இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தமிழகக் காவல்துறை தரும் அனுமதிக் கடிதங்களில் பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டுமே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றிய தவறான எண்ணமும் உண்டு. பண்பாடு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 10 முதல் 12 வரை அனுமதிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் இந்த விலக்கு செல்லும் என்று சொன்னது. நள்ளிரவோடு அது முடிந்துவிடுகிறது. அதிகாலைக்கு விலக்கே இல்லை. மார்கழியில் நாலரை மணிக்குக் கோயிலில் போடும் பாட்டானாலும், விடியலுக்கு முந்தைய தொழுகை அழைப்பானாலும், தேவாலயத்தின் ஆராதனைப் பாடலானாலும், ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கு வந்தால் ஒரே விதிதான். மூன்று சமயத்தாரும் அடுத்தவரை முதலில் நிறுத்தச் சொல்லிக் காத்திருப்பதால் மூன்றும் தொடர்கின்றன.

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை விளக்கியிருக்கின்றன. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1996-இல் ஓம் பிராங்கனா வழக்கில், பேசும் உரிமை ஒருவருக்கு இருப்பது போலக் கேட்காமல் இருக்கும் உரிமை மற்றவருக்கு இருக்கிறது என்று கருதியது. விரும்பாதவரைக் கட்டாயக் கேட்பவராக்க முடியாது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு ஜெபக்கூடத்துக்கும் அருகிலிருந்த குடியிருப்போருக்கும் இடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது 2000 ஆகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம். அதே வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி, அங்குள்ள இரைச்சலுக்குச் சாலை வாகனங்களே பெரிய காரணம் என்று அறிக்கை தந்ததும் மறக்கக் கூடாதது. அளக்காமல் கோபப்பட்டால் கோபம் பிடிக்காத சமயத்தின்மேல், பிடிக்காத சாதியின்மேல் போய் விழும். 2005 ஜூலையில் வந்த விரிவான உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வித்திட்டது ஒரு கொடுமை: பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. செய்தியைப் படித்த பொறியாளர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

இத்தனை விதியும் தீர்ப்பும் இருந்தும் குழாய் இறங்காததற்குக் காரணம், புகார் கொடுப்பவர் எப்போதும் தனி ஆளாக இருப்பதுதான். விழாக் கமிட்டிக்கு ஊர் இருக்கிறது; கூட்டத்துக்குக் கட்சி இருக்கிறது. புகார் சொன்னவருக்கு விழா வரி கட்டியும் ஊர்ப் பகை மிஞ்சுகிறது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் ஒருவர் வந்து குறைக்கச் சொல்வார். அவர் போனதும் மறுபடி ஏறும். புகார் கொடுத்தது யார் என்பது அதற்குள் பந்தலுக்குத் தெரிந்திருக்கும். காவலருக்கும் சங்கடம் உண்டு. பல நிலையங்களில் ஒலி அளக்கும் கருவி இருப்பதில்லை. அளவு இல்லாமல் வழக்குப் போட முடிவதில்லை. மேடையில் உட்கார்ந்திருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் ஒரு தலைமைக் காவலர் என்ன செய்துவிட முடியும்? பொதுத்தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வைத்திருக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். மைக் செட்டின் ஒருநாள் வாடகைக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல.

   

தேர்வுக் காலத்தில் அமைதி தேவைப்படும் தெருவுக்குப் பயன்படும் வழி, விழாவுக்கு முன்பே தொடங்குவது. கமிட்டி கூடும் நாளில், அந்தத் தெருவில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து போய், இரவு 10 மணிக்கு நிறுத்துவதையும் பெட்டி மட்டும் வைப்பதையும் கேட்டால், பெரும்பாலும் மறுப்பு வராது. கமிட்டிக்காரர் வீட்டிலும் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும். குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதை மைக் செட்காரரிடம் நேரிலேயே சொல்லலாம். குறுகிய கோணத்தில் ஒலி தள்ளும் கருவி என்பதால் சிறிது திருப்பினாலே ஒரு வீட்டுக்குப் பெரிய வேறுபாடு தெரியும்.

பேச்சு பலிக்காதபோது எழுத்து வேண்டும். விதிகளின்படி, ஒலி வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினாலும், இரவுத் தடை மீறப்பட்டாலும் எவரும் புகார் தரலாம். இரவு மீறலுக்கு அளவுகூடத் தேவையில்லை, நேரம் போதும். விதிகள் சொல்லும் அதிகாரி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர். ஆகவே உள்ளூர் நிலையத்துக்கு ஒரு பிரதி, துணைக் கண்காணிப்பாளருக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒன்று என்று தருவது முறை. தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், குழாய்களின் எண்ணிக்கை, அருகிலுள்ள பள்ளி அல்லது மருத்துவமனையின் தொலைவு ஆகியவை இருக்க வேண்டும். கைபேசி டெசிபல் செயலியின் அளவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. ஆனாலும் அதிகாரி கருவியோடு வந்து அளக்க வேண்டிய இடத்தையும் நேரத்தையும் அது காட்டும். பலர் கையெழுத்திட்டால் ஒருவர்மேல் மட்டும் பகை விழாது. இரவில் உடனடியாகச் சொல்ல 100-ஐ அழைத்தால், அழைத்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

விழா முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அந்த விழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி தரப்பட்டதா, என்ன நிபந்தனையோடு, மீறலுக்கு என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தால், அடுத்த ஆண்டு அனுமதி கேட்டு விண்ணப்பம் போகும்போது பழைய மீறலைக் காட்டி முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவிக்க முடியும்.