சபை ஜாபிதாவும் வராத அங்கத்தினரும்

திண்டிவனத்திலுள்ள, 1853இல் தோன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வழிவந்த சபை, 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. விழுப்புரம் பகுதியிலோ டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை நிலைபெற்றுள்ளது. ஆதலின் ஓரூரினின்று மற்றோரூர்க்கு மாற்றுப் பத்திரமின்றிக் குடிபெயர்ந்தவர், இங்கே வராதவராகவும் அங்கே அறியப்படாதவராகவும் ஆகின்றனர்.

பிழைப்புத் தேடிச் சென்றோர், நோயுற்றோர், மனத்தாங்கல் கொண்டோர் ஆகிய மூவரையும் ஒருங்கே நீக்குதல் முறையன்று என்பது நம் கருத்து. முதலாமவர்க்கு வேண்டுவது பத்திரம், இரண்டாமவர்க்கு வீடுதேடி வரும் போதகர், மூன்றாமவர்க்கு ஒப்புரவு. மூன்றும் செய்து பயனின்றேல், அவரிடம் அறிவித்த பின்னரே பெயரை நீக்கலாம். நீக்கினும் திரும்பிவரும் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை மேய்ப்பன் எண்ணியன்றோ அறிந்தான்? ஜாபிதா எண்ணுதற்கும் தேடுதற்குமே உரியது. மாணவ அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அத்தகைய ஓர் இல்லத்திற்கேனும் சென்று வருவோமாக.