பீச் இலை கருகினால் பனிதான் காரணமா?

ஐரோப்பியக் காடுகளிலும் தோட்ட வேலிகளிலும் நிறைந்து நிற்பது பீச் மரம். அதன் இலையில் ஒரு குறை தெரிந்ததும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, கையோடு மருந்தும் அடித்துவிடுகிறார்கள். பல நேரம் அந்த மருந்துக்கு அவசியமே இருப்பதில்லை.

நம்பிக்கை: மே மாதத்தில் இலைநுனி கருகினால் அது உறைபனியின் வேலை.

உண்மை: உறைபனியும் கருக்கும். ஆனால் 2 முதல் 3 மில்லிமீட்டரே உள்ள பீச் கூன்வண்டும் அப்படியே கருக்கும். மொட்டு விரியும்போது வந்து சேரும் வண்டுகள் தளிரைச் சல்லடையாகத் துளைத்துத் தின்கின்றன. பெண் வண்டு இலையின் நடுநரம்பில் முட்டையிடுகிறது. புழு அங்கிருந்து மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள பச்சைத் திசுவைத் தின்றபடி விளிம்பை நோக்கிப் போகிறது. கருகிய இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பில் மெல்லிய கோடாகத் தொடங்கும் பாதை, விளிம்பை நெருங்க நெருங்க அகன்று பழுப்புத் திட்டாக முடியும். திட்டின் தோலைப் பிரித்தால் உள்ளே புழுவோ, கூட்டுப்புழுவோ, கரிய எச்சமோ இருக்கும். பனியில் கருகிய இலையில் இந்தப் பாதையும் இருக்காது, துளைகளும் இருக்காது.

நம்பிக்கை: இலையடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் அது பூஞ்சணம்.

உண்மை: அது பீச் அசுவினி. நம்மூர் அவரையில் மொய்க்கும் அசுவினியின் உறவுதான்; உடம்பில் சுரக்கும் மெழுகுதான் பஞ்சாகத் தெரிகிறது. பூஞ்சணம் பின்னால் வருவதுண்டு: அசுவினி கழிக்கும் இனிப்புப் பிசினில் கரும்பூஞ்சணம் வளரும். வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் சேர்ந்து சாகும்.

இலைமேல் கூராக எழும்பும் சிறு முடிச்சுகளைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஒரு சிறு ஈயின் புழு உள்ளே வளர்கிறது, அவ்வளவே. மரத்துக்குக் கேடில்லை.

நம்பிக்கை: நரம்புகளுக்கிடையே கரும்பட்டை விழுந்தாலும் பூச்சிதான் காரணம்.

உண்மை: இல்லை. 2012இல் அமெரிக்காவின் ஒஹையோவில் முதலில் கவனிக்கப்பட்ட பீச் இலைநோயின் அடையாளம் அது. மொட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் நூற்புழுதான் அதற்குக் காரணம். இலைநோயைக் கூன்வண்டின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது ஆபத்து.

நம்பிக்கை: இலையைத் தின்னும் பூச்சி மரத்தைக் கொல்லாது.

உண்மை: கூன்வண்டின் தாயகமான ஐரோப்பாவில் இது பெரும்பாலும் சரி. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சரியாகவில்லை. 2012இல் ஹாலிஃபாக்ஸில் இதே வண்டு கண்டறியப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இலைகளை இழந்த அமெரிக்க பீச் மரங்கள் பட்டுப்போயின. வண்டு குளிர்காலத்தைக் கழிப்பது மரப்பட்டை இடுக்கில். அதுவும் பீச்சில் மட்டுமல்ல, பக்கத்திலுள்ள வேறு மரங்களிலும். ஆகவே அங்கே வாழ்பவர்கள் பட்டையோடு கூடிய விறகை ஊர்விட்டு ஊர் கொண்டு போகாதீர்கள்.