பன்றிக் காவலுக்கு எந்தத் துவக்கு?

காலபோக நெல் பால் பிடிக்கும் நாட்களில் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், தேவன்பிட்டிப் பக்கத்துக் கமக்காரர் இருவர் சந்தித்தால், பேச்சு மழையில் தொடங்கிப் பன்றியில்தான் முடியும். காட்டுப் பன்றி திராட்சைத் தோட்டத்தைப் பாழாக்குவதாகத் திருப்பாடல் 80 முறையிடுகிறது. ஆகவே இந்த முறைப்பாடு புதியதன்று. ஆனால் 2008இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு வந்த குடும்பங்களுக்கு அது கூடுதலாகக் கடிக்கிறது. நாம் இல்லாத காலத்தில் வயலைக் காடு மூடியது. காட்டோடு பன்றியும் பெருகியது. சொந்தக் காணிக்கு இன்னும் போக முடியாமல் பிறர் காணியைக் குத்தகைக்குச் செய்பவர்களின் நிலை இன்னும் மோசம். விளைச்சலைப் பன்றி தின்றாலும் குத்தகை கொடுத்தே ஆகவேண்டும்.

முன்பு நம் ஊர்களில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்த வீடுகள் இருந்தன. 1980களில் அவை கையைவிட்டுப் போயின. சிலவற்றைப் பொலிஸில் ஒப்படைத்தோம், சிலவற்றை இயக்கங்கள் கொண்டுபோயின. எனவே இன்று பயிர்ப் பாதுகாப்புக்கென விண்ணப்பிக்கும் இளைஞருக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. 'றைபிள் நல்லதா, சன்னத் துவக்கு நல்லதா? ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா?' என்று அவர்கள் கேட்கும் கேள்விகளையே இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

றைபிளை முதலில் ஒதுக்கிவிடலாம். சின்ன .22 றைபிளின் குண்டுகூட ஒரு மைலுக்கு அப்பால் போகும். நம் வயல்கள் தட்டையானவை, தடுக்க மேடில்லை. குண்டு காய்ந்த நிலத்திலோ குளத்து நீரிலோ பட்டால் தெறித்து வேறு திசைக்குப் பாயும். வயலுக்கு அடுத்தே குடிமனையும் மன்னார் – பூநகரி வீதியும் இருக்கும் இடத்தில், இருட்டில் றைபிள் சுடுவது பன்றியைவிட அயலவருக்கே ஆபத்து. பயிர்ப் பாதுகாப்புக்குப் பொதுவாக வழங்கப்படுவதும் சன்னத் துவக்குத்தான். காற்றுத் துவக்கு பன்றிக்கு உதவாது. அதன் சின்னக் குண்டு தோலைக் காயப்படுத்துமே தவிர வேறொன்றும் செய்யாது.

சன்னத் துவக்கில் 12 என்றும் 16 என்றும் சொல்வது என்ன? குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஓர் இறாத்தலுக்கு எத்தனை என்பதே அந்த எண். ஆகவே எண் கூடினால் குழல் சிறியது. 12இன் வாய் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 16இனது 17 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 16 கைக்கு இலகுவானது, தோளில் உதைப்பதும் குறைவு. என்றாலும் 12ஐயே நாம் சிபாரிசு செய்வோம். காரணம் ஒன்றுதான்: 12இன் தோட்டாவே எளிதில் கிடைக்கும். தோட்டா கிடைக்காத துவக்கு உலக்கைக்குச் சமம்.

இனி ஒற்றையா இரட்டையா என்பது. இதில்தான் பணம் வீணாகிறது. ஒற்றைக் குழல் மலிவு, பாரம் குறைவு, பழுதுபடும் உறுப்புகளும் குறைவு. இரட்டைக் குழலின் பெரிய நன்மை இரண்டாம் வெடி. காயப்பட்ட பன்றி, அதிலும் தனியன், திரும்பிப் பாயும். அப்போது தோட்டா மாற்ற நேரம் இராது. இரட்டையில் இன்னொரு வசதியும் உண்டு. வழக்கமாக முன் விசை வலக் குழலையும் பின் விசை இடக் குழலையும் சுடும். இடக் குழலின் நுனி சற்று ஒடுக்கமாக இருப்பதால் சன்னம் சிதறாமல் கொஞ்சம் தூரம் கூடப் போகும். ஆகவே நல்ல நிலையிலுள்ள இரட்டைக் குழல் ஒற்றையைவிட மேல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஆடிப்போன பழைய இரட்டையை வாங்குவதிலும் உறுதியான ஒற்றை பல மடங்கு மேல்.

ஆடிப்போனதை எப்படி அறிவது? தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்தபின், துவக்கை மூடி, பிடியைப் பிடித்துக் குழலை அசைத்துப் பாருங்கள். பிணைச்சலில் ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். குழி விழுந்திருந்தாலும், ஓரிடத்தில் நிழல் வளையம்போல் புடைப்புத் தெரிந்தாலும் வேண்டாம். குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் தெரியும் மிகப் பழைய துவக்குகள் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் அவை முகத்துக்கு முன்னே வெடிக்கலாம். தோட்டா அறையின் நீளத்தையும் கேளுங்கள். 65 மில்லிமீற்றர் அறைக்கு 70 மில்லிமீற்றர்த் தோட்டா உள்ளே போகும்; ஆனால் சுடும்போது விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். நமது உப்புக் காற்றில் துரு ஓர் இரவில் பிடிக்கும். சுட்டாலும் சுடாவிட்டாலும் துடைத்துத் துவக்கெண்ணெய் பூசவேண்டும். தேங்காயெண்ணெய் பிசினாகும், வேண்டாம்.

பன்றிக்கு எஸ்.ஜி. சன்னம். 30 யாருக்குள் நின்றால் மட்டும் சுடுங்கள். அதற்கு அப்பால் பன்றி சாகாது; காயத்தோடு பற்றைக்குள் போய்ப் பல நாள் வேதனைப்பட்டுச் சாகும். ஆனால் அதே சன்னம் 700 யார் வரை பறக்கக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் நம் முன்னோரின் பரண் நல்லது. மேலிருந்து கீழே சுட்டால் தவறிய சன்னம் மண்ணுக்குள் போகும். ரோச் வெளிச்சத்தில் கண் மினுங்குவதை மட்டும் பார்த்துச் சுடாதீர்கள். மாட்டுக் கண்ணும் மினுங்கும். மாடு தேடி வரும் பிள்ளையின் கையிலும் ரோச் இருக்கும். காயப்பட்டதைத் தேடி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டுக்குள் போகவும் வேண்டாம்.

யானைக்கு இந்தத் துவக்கைத் தூக்கவே கூடாது. யானை சட்டத்தால் காக்கப்பட்டது. சன்னம் அதைக் கொல்லாமல் வெறிகொள்ள வைக்கும். அடுத்த இரவு அது வரும் வீடு யாருடையதோ. 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட மடு வீதிப் பகுதிக்குள் துவக்கோடு போவதும் குற்றம். குரங்கு, மயில் பற்றி வனசீவராசிகள் அலுவலரிடம் கேட்டபின்பே எதுவும் செய்யவும்.

துவக்கு வாங்க வசதியில்லாதவர்கள் கட்டுத்துவக்கு வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் நடக்கிறது. கட்டுத்துவக்கின் கயிறு பன்றியின் காலையும் மனிதரின் காலையும் பிரித்தறியாது. விறகுக்குப் போன பெண்ணின் தொடையிலும் முழங்காலிலுமே அதன் சன்னம் ஏறும். இரண்டுமே சட்டவிரோதம். இவற்றைவிட, ஐந்தாறு வயற்காரர் சேர்ந்து ஒரே சுற்றுவேலி அடைத்து, முறைவைத்துக் காவல் இருந்து, அவர்களுள் நிதானமான ஒருவர் பெயரில் ஒரு துவக்கு எடுப்பதே சிக்கனம். அந்த ஒருவர் குடிக்காதவராய் இருப்பது 12ஆ 16ஆ என்பதைவிட முக்கியம்.

விண்ணப்பத்துக்கு முதலில் கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் காணி, பயிர் விபரங்களை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொலிஸ் விசாரணையும் உண்டு. முன்னர் தடுப்பில் இருந்தவர்கள் தயங்குவதை அறிவோம். அவர்கள் வேறொரு வயற்காரரை முன்னிறுத்தலாம். அனுமதிப்பத்திரம் உரியவருக்கு மட்டுமே. அவர் காய்ச்சலில் படுத்தால் மகன் துவக்கைத் தூக்கிப் பரணுக்குப் போக முடியாது. உரியவர் இறந்தால் வீட்டார் அதைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். துவக்கை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தல் ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் 31உடன் முடியும். விதைப்பு அவசரத்தில் பலருக்கு மறந்துபோவது இதுதான்.