செய்நிரல் இடையில் நிறுத்தப்படும்போது கோப்புகளைப் பாதுகாத்தல்

மாணவர்களே, 40 பேரின் புள்ளிகளைக் கோப்பொன்றில் எழுதும் செய்நிரலை லினக்ஸ் கணினியில் இயக்குகின்றீர்கள் எனக் கொள்வோம். 23 ஆவது பெயரில் கொன்ட்ரோல் சாவியையும் சி சாவியையும் ஒருங்கே அழுத்திவிட்டீர்கள். செய்நிரல் நின்றுவிடும். கோப்பின் நிலை என்ன? எழுதுவதற்காகத் திறந்தபோதே பழைய பட்டியல் வெறுமையாகிவிட்டது. புதியதோ அரைகுறை. இரண்டும் கெட்டது!

சாவி நேரடியாகச் செய்நிரலை நிறுத்துவதில்லை என்பதை அவதானிக்க. பணிசெயல் முறைமையே அதற்குச் சமிக்ஞை ஒன்றை அனுப்புகின்றது. இங்கு அனுப்பப்படுவது 2 ஆம் இலக்கச் சிக்இன்ற். 15 ஆம் இலக்கச் சிக்டேர்ம் "முடித்துக்கொள்" எனக் கேட்பது. இவ்விரண்டையும் செய்நிரல் ஏற்று, திறந்த கோப்பை மூடி, தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு வெளியேறலாம். அதற்கென எழுதப்படும் பகுதியே சமிக்ஞைக் கையாளி. அதனைச் சுருக்கமாக எழுதுக. "நிறுத்தக் கேட்கப்பட்டது" என ஒரு மாறியில் குறித்துவிட்டு, மூடுதல், அழித்தல் என்பவற்றைப் பிரதான பகுதியிடம் விடுவதே நன்று.

பைதன் கற்போர் தவறும் இடம் ஒன்றுண்டு. கொன்ட்ரோல் சி அழுத்தினால் "பைனலி" பகுதி இயங்கும். ஆனால் சிக்டேர்ம் வரும்போது, கையாளி எழுதப்படாவிடின், அப்பகுதி இயங்காமலே செய்நிரல் முடிந்துவிடும்.

9 ஆம் இலக்கச் சிக்கில் வேறுவகை. அதனை எந்தச் செய்நிரலாலும் ஏற்கவோ தடுக்கவோ முடியாது. மின்தடையும் அவ்வாறே (அது முன்னறிவித்தல் தந்தா வருகின்றது?). ஆகவே கையாளியை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பழைய கோப்பைத் தொடாமல், புதிய பட்டியலை அதே கோப்புறையில் வேறு பெயரில் முழுமையாக எழுதி, வன்தட்டில் பதிந்ததை உறுதிசெய்த பின்னரே பழைய பெயருக்கு மாற்றுக. லினக்ஸில் இப்பெயர் மாற்றம் ஒரே படியில் நிகழும். இடையில் எது நேர்ந்தாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக இருக்கும்.

மாதிரி வினா: கையாளி எழுதப்பட்டிருந்தும் சிக்கில் அனுப்பிய பின் தற்காலிகக் கோப்பு எஞ்சியிருந்தது. காரணத்தையும் தீர்வையும் தருக.

விடை: சிக்கில் வரும்போது கையாளி இயங்காது. செய்நிரல் அடுத்த முறை தொடங்கும்போது எஞ்சிய கோப்பைத் தேடி அழித்தல் வேண்டும். "கையாளியில் பிழை" என எழுதினால் புள்ளி இல்லை.