வயல் நீர்ப் பாசியும் ஞாயிற்றின் கதிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையே வயலை நிரப்புகின்றது. அதுவே சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. எனவே செம்மண் தோட்டங்களிலும், காய்ந்தும் நனைந்தும் வரும் வயல்களிலும் மிகையாக இடப்படும் நைதரசன் பசளை, நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரிற் கலக்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் பல கிணறுகளில் இவ்வளவு மிஞ்சியுள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அந்நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக் கூடும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

ஆதலின், இயற்கை தரும் நைதரசனைப் பேணுதல் கமக்காரரின் கடமையாகும்.

நீலப்பச்சைப் பாசியின் தொழில்

வயல் நீரில் வாழும் நொஸ்ரொக், அனபீனா முதலிய நுண்ணுயிர்கள் நீலப்பச்சைப் பாசி எனப்படும். இவை வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு அளிக்கின்றன. நெல் வயல்களில் இதனை 1939ஆம் ஆண்டில் இந்திய அறிஞர் பி. கே. டே விளக்கினார். இலங்கை அறிஞர் எஸ். ஏ. குலசூரியவும் பி. ஏ. ரோஜரும் 1980இல் வெளியிட்ட நூல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றின்படி ஒரு போகத்தில் எக்டேயருக்குச் சராசரி சுமார் 27 கிலோகிராம் நைதரசன் கிடைக்கலாம். வயலுக்கு வயல் இது பெரிதும் வேறுபடும்.

கதிரின் நன்மையும் தீமையும்

ஒளியின்றிப் பாசி வாழாது. ஆனால் கடும் வெயிலில் அடங்கியுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்கள் அதன் உயிரணுவின் மரபுப்பொருளையும் நிறப்பொருளையும் சிதைத்து, நைதரசன் பிடிக்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. இதற்கெதிராகச் சில பாசிகள் சேற்றினுள் நகர்ந்து ஒளிகின்றன. சில, கதிரைத் தடுக்கும் நிறப்பொருளைத் தம் உறையிற் சேர்க்கின்றன. பயிர் இளமையாயிருக்கும்போது திறந்த நீரில் பச்சைப் பாசியே முந்தும். பயிர் ஓங்கி நிழல் விரித்தபின் நீலப்பச்சைப் பாசி செழிக்கும்.

பட்டுநூல் போற் படர்வது பச்சைப் பாசி. வழுவழுப்பான கருநீலப்பச்சைக் கட்டிகளாகத் தோன்றுவது பெரும்பாலும் நொஸ்ரொக்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. வரம்புகளைச் செப்பனிட்டு, மழை நீரை வயலில் நிறுத்துக. நீர் வற்றின் பாசியின் தொழில் நின்றுவிடும்.

2. யூரியாவை ஒரே முறையில் இடாது, விதந்துரைத்த அளவைப் பகுதி பகுதியாக இடுக. நீரில் யூரியா மிகுந்தால் நீலப்பச்சைப் பாசி நைதரசன் பிடிப்பதைக் குறைத்துவிடும்.

3. மண் பரிசோதனையில் பொசுபரசுக் குறைவு தெரிந்தால் அதனை நிரப்புக. அது பாசிக்கும் உதவும்.

4. பெருமழைக்கு முன் பசளை இடற்க.

5. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் நீர் தேங்குவதில்லை. அங்கு இப்பாசியை நம்பவியலாது. பூவரசங் குழை, சாணம் முதலியவற்றைப் புதைத்து, செயற்கைப் பசளையை அளவோடு இடுக.

பாசி யூரியாவுக்கு முழு மாற்றன்று. அதன் தேவையை ஓரளவு குறைக்கும் துணையே. அத்துணையைப் பேணுவோர் பொருட்செலவையும் குறைப்பர்; பிள்ளைகள் பருகும் கிணற்றையும் காப்பர்.