சேஃப்டி ஜாக்கெட்: பார்த்து வாங்குவது எப்படி?

மும்பையிலும் தாணே, கல்யாண், நவி மும்பைப் பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், யாராவது ஒருவர் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். ரயில் பாதைக் காண்டிராக்ட் வேலை, மெட்ரோ கட்டுமானம், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டு, கிடங்கு, சாலைப் பணி, குடியிருப்புகளில் இரவுக் காவல் என்று இடம் மாறினாலும் உடை ஒன்றுதான். இரவில் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகளும் இப்போது இதை அணிகிறார்கள்.

கடைக்குப் போனால் நூறு ரூபாய்க்கும் குறைவாக ஒன்று கிடைக்கும். அதைப்போல் பல மடங்கு விலையிலும் ஒன்று இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எதை வாங்குவது, ஏன் என்று விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் அறிந்ததை ஒரு பாடமாக எழுதுகிறேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு சட்டை, இரண்டு வேலை

இந்த ஜாக்கெட்டில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பளிச்சென்ற நிறத்துணி. மற்றொன்று அதன்மேல் தைத்திருக்கும் வெள்ளி நிறப் பட்டை. இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

துணியின் நிறம் சாதாரண மஞ்சளோ ஆரஞ்சோ அல்ல, ஃப்ளோரசென்ட் நிறம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. இந்தச் சாயம் அவற்றை உள்வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. அதனால்தான் மேகமூட்டமான நாளிலும் அந்தி நேரத்திலும் அந்தத் துணி தானே எரிவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் இது பகல் வெளிச்சத்தின் உபயம். சூரியன் மறைந்தபின் அந்தத் தனிச்சிறப்பு பெரும்பாலும் போய்விடும். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே அது ஏறக்குறைய ஒரு சாதாரணத் துணிதான்.

இரவில் வேலை செய்வது வெள்ளிப் பட்டை. கண்ணாடியில் டார்ச் அடித்தால் ஒளி வேறு திசையில் தெறிக்கும். வெள்ளைச் சுவரில் அடித்தால் நாலாபுறமும் சிதறும். இந்தப் பட்டையோ, ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திருப்பி அனுப்புகிறது. பட்டையில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். உள்ளே நுழையும் ஒளி மணியின் பின்பக்கத்தில் பட்டு, வந்த வழியே திரும்பும். சில பட்டைகளில் மணிகளுக்குப் பதிலாக, அறையின் மூலைபோல மூன்று முகங்கள் கூடும் நுண்ணிய பட்டகங்கள் இருக்கும். 1969-இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கருவியும் இதே மூலைத் தத்துவத்தில் அமைந்ததுதான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அது பூமிக்கே திருப்பி அனுப்புகிறது.

இருட்டில் பூனையின் கண் மின்னுவதை எல்லோரும் பார்த்திருப்போம். 1934-இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா என்பவர் சாலையின் நடுவே பதிக்கும் ஒளிக்கற்களைக் கண்டுபிடித்தபோது அதற்குப் ‘பூனைக்கண்’ என்றே பெயர் வைத்தார். பளிச்சிடும் ஜாக்கெட் பணியாளர்களுக்கு வந்த வரலாற்றிலும் ரயில்வேக்கு முக்கிய இடம் உண்டு. 1964-இல் பிரிட்டிஷ் ரயில்வே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் பாதையில் வேலை செய்தவர்களுக்கு ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது.

ஆக, பகலுக்குத் துணி, இரவுக்குப் பட்டை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வினாடிக் கணக்கு

இப்போது பிள்ளைகளுக்கான கணக்கு. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது வரும். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 90 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர்.

மழை நாளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வருகிறது. அது வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் ஆளைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்க இரண்டு வினாடி என்று கொண்டால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் வண்டி நிற்க மேலும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் 68 மீட்டர். கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போட்டவர், தாழ்த்திய ஹெட்லைட் வெளிச்சத்தில் சுமார் 30 மீட்டரில்தான் தெரிவார். நல்ல பட்டை 100 மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஓர் ஆளின் உயிர் இருக்கிறது.

ரயிலில் கணக்கு வேறு. பிராட்கேஜ் பாதையில் தடை ஏற்பட்டால், 600 மீட்டர் தூரத்தில் ஒன்றும் 1,200 மீட்டர் தூரத்தில் மூன்றுமாக டெட்டனேட்டர் வெடிகளைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோமீட்டருக்கு மேல் முன்னதாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்றால், ரயில் நிற்க எவ்வளவு தூரம் தேவை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வளைவில் 250 மீட்டர் தூரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் தெரிகிறது, வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், கையில் இருப்பது பத்தே வினாடி. அந்தப் பத்து வினாடியில் டிரைவரால் ரயிலை நிறுத்த முடியாது. விசில்தான் அடிக்க முடியும். நிமிர்ந்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, எந்த லைனில் வண்டி வருகிறது என்று பார்த்து, சரியான பக்கம் விலக வேண்டியது பாதையில் நிற்பவர். நான்கு, ஆறு லைன்கள் ஓடும் மும்பைப் பகுதியில், ஒரு லைனை விட்டு விலகி அடுத்த லைனில் போய் நிற்கும் ஆபத்தும் உண்டு.

எனவே ஜாக்கெட் வண்டியை நிறுத்துவதில்லை. அது கொடுப்பது சில வினாடி நேரம் மட்டுமே. அந்த நேரத்தைக் கூட்டித் தரும் ஜாக்கெட்தான் நல்ல ஜாக்கெட்.

வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. உங்களைப் பார்க்க வேண்டியவர் யார், அவர் எங்கே இருக்கிறார்? லாரி ஓட்டுநர் எதிரே இருந்து பார்க்கிறார். கிரேன் ஓட்டுபவர் மேலே இருந்து பார்க்கிறார். அவருக்கு இடுப்புப் பட்டையைவிடத் தோள்பட்டைதான் தெரியும். தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்பவரின் நெஞ்சுப் பட்டை யாருக்கும் தெரியாது. முதுகும் தோளும்தான் தெரியும். ஆகவே இரண்டு தோள்களின் மீதும் ஏறி இறங்கும் பட்டையும், உடலை முழுதாகச் சுற்றிவரும் பட்டையும் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பட்டை வைத்துத் தைத்ததை வாங்காதீர்கள்.

2. எந்த வெளிச்சத்தில் வேலை? பகல் வேலை மட்டும் என்றால் துணியின் பரப்பும் நிறமும் முக்கியம். இரவு வேலை என்றால் பட்டையின் தரம் முக்கியம். இரண்டும் கலந்த ஷிப்டு என்றால் இரண்டிலும் சமரசம் கூடாது.

3. பின்னணி என்ன நிறம்? மழைக்காலத்தில் பச்சைப் புதர் மண்டிய இடத்தில் மஞ்சளைவிட ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும். மஞ்சள் நிற இயந்திரங்கள் நிறைந்த கட்டுமான இடத்திலும் அப்படியே. ரயில் பாதையில் சிவப்பும் பச்சையும் கொடி நிறங்கள் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கம்பெனியில் நிறத்துக்கு விதி இருந்தால் அதன்படியே நடக்க வேண்டும்.

லேபிளைப் படியுங்கள்

நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் எண் ஐ.எஸ். 15809. சர்வதேசத் தரத்தின் எண் ஐ.எஸ்.ஓ. 20471. இதற்கு முன் ஐரோப்பாவில் இ.என். 471 என்ற தரம் இருந்தது. பழைய சரக்கில் அந்த எண்ணைக் காணலாம்.

ஐ.எஸ்.ஓ. தரத்தில் மூன்று வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புக்கு ஒளிரும் துணி 0.14 சதுர மீட்டரும் பட்டை 0.10 சதுர மீட்டரும் போதும். இரண்டாம் வகுப்புக்கு முறையே 0.50, 0.13. மூன்றாம் வகுப்புக்கு 0.80, 0.20. பட்டையின் அகலம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வேகமாக வண்டிகள் ஓடும் இடத்துக்கு மூன்றாம் வகுப்பே ஏற்றது. அந்த வகுப்புச் சட்டைக்குப் பட்டை வைத்த கைகள் இருக்க வேண்டும். அல்லது பட்டை வைத்த முழுக்கால் சட்டையும் சேர்ந்த உடையாக இருக்க வேண்டும். கை இல்லாத வெஸ்ட் ஒன்றை மட்டும் காட்டிக் கடைக்காரர் ‘மூன்றாம் வகுப்பு’ என்றால் நம்பாதீர்கள். அசையும் கைகால்களில் பட்டை இருந்தால், நிற்பது தூணா மனிதனா என்று ஓட்டுநருக்குச் சட்டென்று விளங்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

லேபிளே இல்லாத ஜாக்கெட் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? கீழ்க்கண்ட சோதனைகள் ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகா. என்றாலும் மட்டமானதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச் சோதனை: இரவில் கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் ஜாக்கெட்டை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு இருபது அடி தள்ளி நில்லுங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரமாக வைத்து அடியுங்கள். பட்டை வெள்ளையாகப் பற்றி எரிவதுபோலத் தெரிந்தால் நல்லது. சாம்பல் நிறமாக மந்தமாகத் தெரிந்தால் அது வெறும் வெள்ளிச் சாயம். பிறகு டார்ச்சை வேறொருவர் கையில் கொடுத்துப் பத்தடி பக்கவாட்டில் நின்று அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குப் பட்டையின் மினுமினுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒளி டார்ச் வைத்திருப்பவரிடமே திரும்பிப் போகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம்.

நீர்ச் சோதனை: பட்டையைக் குழாயடியில் நனைத்துவிட்டு மறுபடி டார்ச் அடியுங்கள். ஈரத்தில் அடியோடு மங்கிப்போகும் பட்டை மும்பை மழைக்கு உதவாது.

நிறச் சோதனை: கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழ் துணியைக் காட்டுங்கள். ஃப்ளோரசென்ட் துணி தன் நிறத்திலேயே ஒளிவிடும். சாதாரணச் சாயம் மங்கிக் கிடக்கும்.

கசக்கல் சோதனை: பட்டையைப் பத்துப் பதினைந்து முறை மடித்துக் கசக்கி, கட்டைவிரலால் தேயுங்கள். வெள்ளித் தூள் விரலில் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கேற்ற துணி

மும்பைப் புழுக்கத்துக்கு வலைத்துணி வசதியானது. ஆனால் வெல்டிங், கேஸ் கட்டிங் செய்பவர்களுக்குச் சாதாரண பாலியெஸ்டர் ஜாக்கெட் கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தீப்பற்றாத வகைத் துணி தேவை. சுழலும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர்களுக்கு, இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ வைத்தது நல்லது. தொளதொளவென்று பெரிய அளவு வாங்கி, முன்பக்கத்தைத் திறந்துபோட்டு நடப்பது ஆபத்து. முனை எங்காவது மாட்டும். பட்டையும் மடிந்து மறையும்.

துவைப்பதும் தூக்கிப்போடுவதும்

எத்தனை முறை துவைக்கலாம் என்று லேபிளில் எண் போட்டிருக்கும். பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. பிரஷ் போட்டுத் தேய்க்கவோ பட்டையின்மேல் இஸ்திரிப் பெட்டி வைக்கவோ கூடாது. நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டுப் பட்டு ஃப்ளோரசென்ட் நிறம் வெளிறிவிடும். அதற்காகத் துவைக்காமலும் இருக்கக் கூடாது. கிரீஸும் சிமென்டும் படிந்த பட்டை ஒளியைத் திருப்பாது. புதிய துணியோடு ஒப்பிட்டு நிறம் வெளிறியிருந்தாலோ, பட்டை உரிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

மறைத்துக்கொள்ளாதீர்கள்

மழைக்காலத்தில் நான் அடிக்கடி காண்பது இது: நல்ல ஜாக்கெட்டைப் போட்டு, அதன்மேல் கறுப்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? ரெயின்கோட்டின் மேல் ஜாக்கெட்டை அணியுங்கள். அல்லது பட்டை வைத்த ரெயின்கோட்டே வாங்குங்கள். உணவு கொண்டுபோகும் பிள்ளைகளின் முதுகுப் பை, பின்பக்கப் பட்டையை முழுவதும் மூடிவிடும். அந்தப் பையின் பின்புறத்திலேயே பட்டை இருக்க வேண்டும்.

ஜாக்கெட்டால் முடியாதவை

வெள்ளிப் பட்டைக்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கு இல்லாமல் வரும் வண்டிக்கு அது தெரியாது. ரிவர்ஸில் வரும் லாரியின் ஹெட்லைட் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்; அதன் பின்னால் நிற்பவருக்குப் பட்டையால் பெரிய பயன் இல்லை. ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத மூலையில் நிற்பவருக்கு எந்த வகுப்பு ஜாக்கெட்டும் உதவாது. அங்கெல்லாம் வேண்டியது விசிலும் கையில் டார்ச்சும் கொண்ட இன்னொரு ஆள். ரயில் பாதையில் லுக்-அவுட் ஆளை நிறுத்துவது இதனால்தான். ‘எல்லோருக்கும் ஜாக்கெட் கொடுத்தாயிற்றே, தனியாக ஓர் ஆள் எதற்கு?’ என்று எந்தக் காண்டிராக்டராவது கேட்டால், அங்கே வேலையை நிறுத்திவிட்டு மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஜாக்கெட் பார்க்கப்படுவதற்கு. பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

இந்த உடை வேலை கொடுப்பவர் தர வேண்டிய பொருள். அவர் தரும் ஜாக்கெட் மட்டமாக இருந்தால் டார்ச் சோதனையைச் சூப்பர்வைசருக்கே இருட்டில் செய்து காட்டுங்கள். சண்டை போடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவே உங்கள் மகனின், கணவரின், அண்ணனின் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டி, விளக்கை அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் நாளைய ஷிப்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.